அரைப்பேர் போட்டால் மீதி ஆள் எங்கே? மலையகத்திலிருந்து மாய யதார்த்தம் எழுத வருகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். 17 கிலோ எடுத்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய குழப்பம். காலையில் முழு ஆளாக மலைக்குப் போன அம்மாவுக்கு அந்தியில் எப்படி அரைப்பேர் விழும், மீதி அரை எங்கே போனது, மறதியில் மலையிலேயே விட்டுவிட்டு வந்தாளா? அப்பாயியிடம் கேட்டேன். "அது தொரைகிட்ட இருக்கு" என்றாள், வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல்.

நடக்கவே முடியாததை அன்றாட வாழ்க்கைக்குள் சாதாரணமாக நடக்கவிடுகிற மாய யதார்த்தம் எழுத ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் ஊர் மாயத்தைத் தேடி மூடுபனிக்குள் போக வேண்டியதில்லை, ஆள் வந்த கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிற செக்ரோலைத் திறந்தால் போதும். அப்பாயி அன்றைக்குச் செய்தது அப்படியே இந்த எழுத்தின் வேலைதான்: ஒரு சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்பினாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள், யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதையும் அதற்குள்ளேயே வைத்தாள்.

பெயர் எப்படி வந்தது என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்

1925இல் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மன் விமர்சகர் ஓவியங்களைப் பற்றிச் சொன்ன பெயர் இது, கதைகளுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமில்லை. 1949இல் கியூபாவின் அலெஹோ கார்பெந்தியர், ஹெயிட்டி அடிமைகளின் எழுச்சியை வைத்து எழுதிய நாவலின் முன்னுரையில், எங்கள் மண்ணில் அற்புதம் அன்றாடம் நடக்கிறது, அதை உட்கார்ந்து தயாரிக்கத் தேவையில்லை என்ற மாதிரி வாதாடினார். 1967இல் கொலம்பியாவின் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல் வந்தது, 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதற்குப் பிறகு எந்த நாட்டில் யார் கதையில் என்ன பறந்தாலும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஹெயிட்டியில் கரும்பு, கொலம்பியாவில் வாழை. அவையும் தோட்டத்துக் கதைகள்தான், அங்கேயும் துரைமார் உண்டு. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனகாவில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடியிருந்தபோது இராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றைக்கும் உடன்பாடில்லை. மார்க்கேஸின் நாவலில், பிணங்களை ஏற்றிக்கொண்டு போகிற ரயிலிலிருந்து ஒருவன் தப்பி வந்து சொல்கிறான். ஊரோ அப்படி யாரும் சாகவில்லை என்கிறது. பிறகு 4 ஆண்டு, 11 மாதம், 2 நாள் மழை பெய்கிறது. எல்லோரும் அந்த மழையைத்தான் மாயம் என்று பேசுகிறார்கள், எனக்கென்னவோ ஒரு ஊரே ஒன்றுபோல மறந்ததுதான் அதைவிடப் பெரிய மாயமாகப் படுகிறது. அப்புறம் அந்தக் கணக்கையும் பாருங்கள். "பல காலம் மழை பெய்தது" என்று எழுதியிருந்தால் யாரும் நனைந்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாள்தான் நம்மை நனைக்கிறது.

பேய்க்கதையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பேய்க்கதையில் சுடலைமேட்டு முனி வந்தால் ஆட்கள் பயந்து ஓட வேண்டும், இல்லையென்றால் கதைக்கு வேலையில்லை. மந்திரவாதிக் கதைக்குத் தனி உலகம், தனிச் சட்டம். கனவுக் கதையில் கடைசி வரியில் முழித்துக்கொள்ளலாம், அது ஏமாற்று வேலை, சண்டைக்கு வராதீர்கள். இங்கே உலகம் நம்முடையதுதான், அதே லயத்து வரிசை வீடு, அதே ஒழுகுகிற தகரம், அதே சம்பளத் தவணை. அதற்குள் நடக்கவே முடியாத ஒன்று நடக்கிறது, அதையும் சனம் வீட்டு வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது.

முதல் இரண்டு வாரம் எழுத வேண்டாம், சேருங்கள்

ஒரு கொப்பி வாங்குங்கள். தோட்டத்துச் சொற்களை எழுதுங்கள், கேட்டுக் கேட்டுக் காதில் தேய்ந்துபோன சொற்களாகப் பார்த்து எடுங்கள். பேர், அரைப்பேர், துண்டு, பத்துச்சீட்டு, பிள்ளைக்காம்பரா, மேக்கணக்கு, பணியக்கணக்கு. ஒவ்வொன்றையும் அன்றைக்குத்தான் ஊருக்கு வந்த ஒரு குழந்தை கேட்டால் என்ன நினைக்கும் என்று யோசியுங்கள். ஒரு ஆளைத் துண்டு கொடுத்து, அதாவது சீட்டுக் கொடுத்து, அனுப்பினார்கள் என்றால் அந்தக் குழந்தை என்னத்தைப் பார்க்கும்? பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்த பக்கத்தில், உண்மையாக இருந்தும் பொய் மாதிரித் தெரிகிறவற்றை எழுதுங்கள். பதுளைக்குப் போகிற கோச்சி தெமோதரை ஸ்டேசனை விட்டு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் இப்போதுதான் நின்றுவிட்டு வந்த அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைகிறது. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது, வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ஓடுகிற ரோதைக்கு ரோதைமுனி என்று ஒரு சாமி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி. இயந்திரத்துக்கும் கத்திக்கும் காவல் தெய்வம் வைத்துக்கொண்ட சனத்துக்கு மாயம் எப்படி எழுதுவது என்று வெளியூர்க்காரர் யாராவது பாடம் நடத்தினால் எனக்குச் சிரிப்பு வரும்.

பொய்யாக இருந்தும் உண்மையாகிப் போனவை மூன்றாவது பக்கம், கனமான பக்கம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி சொன்னதாக எல்லா வீட்டிலும் கதை இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே காய்ச்சலிலும் கொலராவிலும் செத்தார்கள், வந்து சேர்ந்தவர்கள் தோண்டினார்கள். நம் கதை மரபில் முதல் மாய யதார்த்தக் கதையைச் சொன்னவன் அந்தக் கங்காணிதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவன் சொன்ன பொய்யிலும் தேங்காய், மாசி என்று சாமான் பெயர் துல்லியமாக இருந்தது பாருங்கள்.

அதே பக்கத்தில் 1964ஐயும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடற்றிருந்த நம் சனத்தை இரண்டு நாட்டுக்குமாகப் பிரிக்க ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இடையில் அந்த 10 வருடம் அவர்கள் குடியிருந்தது எந்த நாட்டில்? "பிறகு" என்ற நாட்டில். அந்த நாட்டுக்கு ஒரு கொடி, ஒரு தபால் முத்திரை, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற ஒரு பிரட்டுக்களம் வைத்து யாராவது எழுதினால் முதலில் வாசிக்கிற ஆள் நானாக இருப்பேன்.

வயதானவர்களிடம் கேட்கப் போனால் "பேய் பார்த்திருக்கீங்களா அம்மாயி" என்று கேட்காதீர்கள். தொலைக்காட்சியில் கேட்ட கதையைச் சொல்லிவிடுவார்கள். "அந்த மழ வருசத்துல அரிசி எங்க வாங்குனீங்க" என்று கேளுங்கள். அரிசி, கூப்பன் கடை, கடன் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வரி வரும், "அன்னிக்குத்தான் செத்துப்போன எங்கண்ணன் வந்து வெறகு போட்டுட்டுப் போனான்" என்று. அதற்கு "ஆ!" என்று வாயைப் பிளந்தீர்களோ, போச்சு. "எத்தன கட்டு?" என்று கேளுங்கள்.

ஒரு கதைக்கு ஒரு மாயம்

நான் முதலில் எழுதிய கதையில் பேசுகிற அட்டைப்பூச்சி, நீலநிறக் கொழுந்து, பின்னோக்கி ஓடுகிற ஓயா ஆறு, இறந்த பாட்டியின் சேலையில் முளைத்த தேயிலை என்று பதினொரு மாயம் இருந்தது. ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: இந்தத் தோட்டத்தில் யாராவது வேலை செய்கிறார்களா? ஒரு வாரம் கோபமாக இருந்தேன், பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பக்கத்தில் யாரும் ஒரு கொழுந்துகூடக் கிள்ளவில்லை.

அதனால் ஒன்றை மட்டும் எடுங்கள். நாம் அரைப்பேரையே எடுப்போம். ஒரு பொம்பளைக்கு அரைப்பேர் விழுகிறது, அவள் பாதி ஆளாகத்தான் லயத்துக்குத் திரும்புகிறாள். இதற்கு மேல் கதையில் வேறு எதுவும் வினோதமாக நடக்கக் கூடாது. இனி நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் நடப்பை இன்னும் கெட்டியாக்க வேண்டும். அவளுக்குப் பெயர், வயது, எத்தனையாம் நம்பர் மலை, தராசில் எவ்வளவு நின்றது, தண்ணிக்கும் சாக்குக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள். கூடையில் 20 இருந்தது, 3 கழிந்தது, 17 விழுந்தது. அந்த 3 கிலோதான் உங்கள் கதையின் காயம், மாயம் அந்தக் காயத்துக்கு மேலேதான் உட்கார வேண்டும். வேறெங்காவது உட்கார்ந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு அந்த மாயத்துக்குக் கணக்கு எழுதுங்கள், கதைக்குள் வராவிட்டாலும் உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும். அடுத்த நாள் முழுப்பேர் விழுந்தால் மீதிப் பாதி திரும்பி வருமா? வந்தால் எந்த வழியாக? ஈ.பி.எஃப். சேமலாப நிதி யாருக்கு? கவ்வாத்துக்குப் போகிற ஆம்பளைக்கும் இப்படி நடக்குமா? ஞாயிற்றுக்கிழமை? சரி, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். மாயத்துக்கு விதி இல்லையென்றால் கதை இக்கட்டில் மாட்டும்போதெல்லாம் நீங்களே அதை வளைத்துத் தப்பித்துக்கொள்வீர்கள், வாசிக்கிறவர் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மாயம் வந்ததும் கதாபாத்திரங்கள் எல்லாம் கண்ணை விரிக்கிறார்கள், காற்று நின்றுபோகிறது, நாய் ஊளையிடுகிறது. நாயை விட்டுவிடுங்கள் பாவம்.

மாசி மாதத்தில் காமன்கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மன்மதன் எரிந்துபோகிறான். ரதி அழ, சுற்றி நிற்கிற சனமும் மனசார அழுகிறது. மன்மதன் வேடம் கட்டியிருப்பவன் மேட்டு லயத்துப் பையன், திங்கட்கிழமை பிரட்டுக்கு வந்து நிற்பான் என்பதும் அதே சனத்துக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. உங்கள் கதையில் ஆட்கள் இருக்க வேண்டிய மனநிலை அதுதான்.

ஆக, அவர்கள் மாயத்தைப் பற்றி வியக்காமல், அதனால் வந்த சில்லறைத் தொல்லைகளைப் பற்றிப் பேசட்டும். இப்படி:

அன்றைக்குச் செல்லம்மாவுக்கு 17 கிலோதான் நின்றது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார். ஆறு மணிக்கு லயத்துக்கு அவள் பாதிதான் வந்து சேர்ந்தாள். மகன் இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரொட்டிக்கு மா இல்லம்மா" என்றான்.

பக்கத்துக் காம்பரா அக்கா வந்து எட்டிப்பார்த்து, போன மாதம் எனக்கு நாலு நாள் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஒரு சுண்டு மா கொடுக்கலாம். தொழிற்சங்கத் தலைவர் வந்து, மாவட்டக் காரியாலயத்தில் சொல்கிறேன், ஆனால் பாதி ஆளுக்குச் சந்தா முழுசாகத்தான் பிடிப்பார்கள் என்று சொல்லலாம். தோட்டத்து டொக்டரையா இரண்டு பெனடோல் கொடுக்கலாம், பாதி ஆளுக்கு ஒன்று போதுமே என்று யோசித்து ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். யாரும் "ஐயோ, இது எப்படி நடந்தது" என்று கேட்கக் கூடாது. எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், எழுதி வைத்திருக்கிறது.

சொல்கிற குரல்

அப்பாயியின் குரலில் எழுதுங்கள், அல்லது செக்ரோல் எழுதுகிறவரின் குரலில். இரண்டும் அதிராத குரல்கள். "மர்மமான", "அமானுஷ்யமான", "விவரிக்க இயலாத" மாதிரிச் சொற்களை எழுதி முடித்ததும் தேடித் தேடி வெட்டுங்கள், கவ்வாத்துக் கத்தி மாதிரி, இரக்கமே வேண்டாம். அதேபோல் தோட்டத்துச் சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதாதீர்கள். பிரட்டு என்றால் தெரியாதவருக்கு, விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் களத்தில் வந்து வரிசையாக நிற்பதைக் காட்டினால் புரிந்துவிடும். நம் சொல்லுக்கு நாமே அடிக்குறிப்புப் போட்டால், நாம் யாரோ வெளியாருக்கு நம் வீட்டைச் சுற்றிக்காட்டுகிற ஆளாகிவிடுகிறோம்.

பேச்சு பேச்சாகவே இருக்கட்டும், கதை சொல்கிற வரி நல்ல எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மாயம் வருகிற வரிதான் இருப்பதிலேயே எளிமையான வரியாக, முடிந்தால் இருப்பதிலேயே சின்ன வரியாக இருக்க வேண்டும். உவமை அங்கே வேண்டாம். "பாதி நிலாவைப் போல வந்தாள்" என்று எழுதிவிட்டால், சரி, சும்மா உவமைதானே என்று வாசகர் ஆறுதலடைந்துவிடுவார், அந்த ஆறுதலை அவருக்குக் கொடுக்கக் கூடாது.

தொடக் கூடாதது என்று ஒன்று

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இதை வைத்து, மண்ணுக்கடியில் ஆட்கள் இன்னும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு கதையை ஒரு இளைஞர் என்னிடம் கொடுத்தார். நன்றாக எழுதக்கூடிய பிள்ளைதான். ஆனால் அவருடைய கதையில் மலைச்சாமி கோபித்துக்கொண்டதால் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அப்படியும் சனம் அங்கேயே விடப்பட்டிருந்தது. சாமி மேல் பழியைப் போட்டால் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆட்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். மாயம் யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இன்னும் ஆள் கிடைக்காத வீடுகள் இருக்கிற துக்கத்தை, அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசாமல் தூரத்திலிருந்து அலங்கரிக்கவும் வேண்டாம். இது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: பனிமூட்டத்தைக் குறையுங்கள். பனி என்றால் எங்களுக்கு விறைத்த விரலும் இடுப்பில் கட்டின ஈரப் படங்கும்தான்.

எழுதி முடித்த பிறகு

மாயத்தைக் கதையிலிருந்து உருவிப் பாருங்கள். உருவின பிறகும் கதை நொண்டாமல் நடந்தால் அது ஒட்டுவேலை, எடுத்துவிடலாம். அடுத்து, தோட்டத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது ஊரை வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே கதை ஓடினால் நீங்கள் இன்னும் தராசுப் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வாசித்துக் காட்டுங்கள், எழுதுகிற நண்பருக்கு அல்ல, மலைக்குப் போகிற யாருக்காவது. "இது கனவா?" என்று கேட்டால் நீங்கள் இன்னும் வேலை செய்ய வேண்டும். "அப்புறம் அவளுக்குச் சம்பளம் போட்டாங்களா?" என்று கேட்டால் பிழைத்தீர்கள்.

செல்லம்மா கதையை நான் லிந்துலையில் இருக்கிற பெரியம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவர். கொப்பியில் பக்கம் பக்கமாகக் கணக்கு வைத்திருந்த தைரியத்தில் உட்கார்ந்தேன். "பாதிதான் வந்து சேர்ந்தாள்" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"எந்தப் பாதி?"

நான் யோசித்திருக்கவில்லை.

"மேப்பாதியா, கீப்பாதியா, இல்ல நெடுக்கவா? நெடுக்கன்னா ஒத்தக் கை. ஒத்தக் கையில எட்டுக் கிலோவே வராது, மறுநா என்னத்த போடுவான் அவன், அரைக்கு அரையா? மேப்பாதின்னா கொழுந்து எடுத்துருவா, மல ஏற முடியாது. கீப்பாதின்னா..." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "கீப்பாதின்னா பிரட்டுக்குப் போய் நிக்கலாம். கங்காணிக்குத் தலை எண்ணத்தான் கஷ்டம்."

கதையை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்றாவது வரியிலிருந்து திரும்ப எழுதினேன். நெடுக்காகத்தான் வைத்தேன். பெரியம்மாவுக்கு அதில் இன்னும் திருப்தியில்லை, போனில் பேசும்போதெல்லாம் கீழ்ப்பாதியைப் பற்றிக் கேட்கிறார்.